நீரை வடிக்காத ஊறுகாய்

பின்னால் பிக்கப் வண்டி அச்சு வரை மணலில் இறங்கிக் கிடந்தது. நாங்கள் நான்கு பேரும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தார் ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போகிறவர்கள். டிரைவர் பெஷாவர்க்காரர். வண்டியை விட்டு இறங்காமலே, "நடங்கள், ரோட்டில் ஏதாவது லாரி வரும்" என்று உருதுவில் சொல்லிவிட்டு சிகரெட் பற்றவைத்துக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தால் கேம்ப் தெரிந்தது. வரிசையாகத் தகரக் கொட்டகைகள், தண்ணீர்த் தொட்டி, கோடியில் சமையல்கூடத்தின் புகைபோக்கி. சவூதியில் ரோடு போட வந்த கொரியாக் கம்பெனியின் கேம்ப். சமையல்கூடத்தில் நான் எடுபிடி. கோஸ் அறுப்பது, பாத்திரம் துலக்குவது, குப்பை கொட்டுவது. அதற்கு முன் உப்பளம், பம்பாயில் ஓட்டல், கொஞ்ச நாள் மீன்பிடிப் படகு. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு எல்லா வேலையும் ஒன்றுதான். எந்த வேலையை விட்டு வந்தபோதும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். மத்தியானச் சோற்றுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

அந்தச் சாப்பாட்டை முதல் மாதம் என்னால் மூக்கருகே கொண்டுபோக முடியவில்லை. கிம்ச்சி என்று உப்பில் ஊறிப் புளித்த கோஸ், பூண்டு, கருவாட்டு வாடை. இந்தியர்களுக்குத் தனியாகப் பருப்பும் ரொட்டியும் உண்டு, அதைத் தின்று ஓட்டினேன். பிறகு எனக்குக் காய்ச்சல் கண்டது. தலைமைச் சமையல்காரர் சோய், சோற்றைக் குழையக் காய்ச்சி, மேலே அந்தக் கிம்ச்சியைக் கிள்ளிப் போட்டு, என் கட்டிலுக்கே கொண்டுவந்து உட்கார்ந்தார். நான் விழுங்கும் வரை எழவில்லை. "நிறையச் சாப்பிடு" என்பது அவர் எப்போதும் சொல்வது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் எனக்குக் கொரிய மொழியில் புரியும். காய்ச்சல் விட்டபோது நாக்கு மாறியிருந்தது. அதன்பின் நான் பருப்புப் பக்கம் போகவில்லை. கொரியாக்காரர்களோடு தாழ்ந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நடுவில் இருக்கும் ஒரே கிண்ணத்தில் எல்லாருடனும் குச்சியை நீட்டினேன்.

கிளம்பும்போது சோய் ஒரு பொட்டலம் மிளகாய்த்தூளை என் கையில் திணித்தார்.  விடைசொல்ல எங்களுக்குப் பொதுவான பாஷை இல்லை.

பம்பாய் விமான நிலையத்தில் அந்தப் பொட்டலம்தான் என்னை நிறுத்தியது. சுங்க அதிகாரி தங்கம் தேடுகிறவர். பிரித்து முகர்ந்தார். தும்மல் நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மிளகாய் விளையாத ஊரா உன் ஊர்?" என்று இந்தியில் கேட்டார். இது காரமில்லாத மிளகாய் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவருடைய கோபம் போய்விட்டிருந்தது. பைத்தியம் என்று நினைத்திருப்பார். போகச் சொன்னார்.

மெட்ராஸ் மெயிலில் எதிர் சீட்டில் ஒரு குடும்பம். தயிர்ச்சோறும் மாவடுவும் எடுத்து, தனித்தனி இலையில் பங்கு வைத்து, எனக்கும் ஒரு இலை நீட்டினார்கள். நன்றாக இருந்தது. ஆனாலும் கை சோற்றைப் பிசைந்துகொண்டிருக்க, கண் நடுவில் ஒரு கிண்ணத்தைத் தேடியது. மெட்ராஸில் ஏறிய பஸ் பண்ருட்டிக்கு முன்னால் டயர் வெடித்து நின்றது. பலாப்பழக் காலம். கண்டக்டர் ஜாக்கியைத் தேடிப் போன நேரத்தில், பஸ் மொத்தமும் ரோட்டோரத்தில் ஒரு பழத்தை வெட்டவைத்துச் சுற்றி நின்று தின்றது. யார் யாருக்கு எடுத்துக் கொடுத்தார்கள் என்றே தெரியவில்லை. அந்த அரைமணி நேரம் எனக்கு ஊருக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. எந்த ஊருக்கு என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

நெய்வேலியில் அக்காவின் குவார்ட்டர்ஸ். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. தெற்கே எங்கள் கடற்கரை ஊரில் இப்போது எங்களுக்கென்று ஒரு சுவரும் இல்லை. அத்தானுக்கு சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை, பெர்மனென்ட். பிள்ளைகள் கிடையாது. நேர் நேரான ரோடுகள், பிளாக் பிளாக்காக ஒரே மாதிரி வீடுகள், ஷிப்ட்டுக்குச் சங்கு, காயப்போட்ட துணியில் கரித்தூள். எல்லாரும் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். நெய்வேலியும் ஒரு கேம்ப்தான் என்று எனக்குத் தோன்றியது. மரம் வைத்த கேம்ப், தண்ணீர் தாராளமாக வரும் கேம்ப். ஆனால் சாப்பிடுவது மட்டும் தனித்தனியாக. அத்தான் ஷிப்டு போகும் நேரத்துக்கு அவருக்கு ஒரு தட்டு. நான் எழுந்த நேரத்துக்கு எனக்கு ஒரு தட்டு. அக்கா எப்போது சாப்பிட்டாள் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் அவள் என் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"என்னல, ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிக்க?"

"சாப்பாடு நல்லாத்தான்க்கா இருக்கு."

"நல்லா இருக்கிறத எவனும் இப்படி உருட்டிக்கிட்டு இருக்க மாட்டான்."

சொன்னேன். அந்தச் சோறு, அந்தக் கோஸ், அந்த மேசை. அக்கா முகத்தைச் சுளித்தாள். "அழுகின கோஸா? அதைத் திங்கவா கடல் தாண்டிப் போன?"

அன்று மாலை அத்தான் ஷிப்டு முடித்து வந்து, சைக்கிளை உள்ளே ஏற்றியபடியே விஷயத்தைச் சொன்னார். "மாப்ள, ரெண்டாவது மைன்ஸ்ல காண்ட்ராக்ட்ல ஆள் எடுக்காங்க. அடுத்த வாரம் கழிச்சு திங்கக்கிழமை காலையில போய் நிக்கணும். உன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன். நாலஞ்சு வருசம் பல்லைக் கடிச்சிட்டுக் கிடந்தா பெர்மனென்ட் ஆக்கிருவாங்க."

 அதே திங்கட்கிழமை காலைதான் மெட்ராஸில் ஏஜென்ட் ஆபீசுக்குக் கொரியாக்காரர்கள் வருகிறார்கள். லிபியாவுக்கு ஆள் எடுக்க. பம்பாயிலேயே கேள்விப்பட்டு வந்திருந்தேன். மறைக்கத் தெரியாமல் அதையும் சொல்லிவிட்டேன்.

அத்தான் கைகால் கழுவப் போனார். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"அந்தச் சாப்பாட்டுக்குத்தான பறக்க? நான் செஞ்சு தாரேன். அதே மாதிரி வந்துட்டா இங்கேயே கிடப்பியா?"

"வந்துட்டா கிடக்கேன்."

"அத்தான் முன்னால சொல்லு."

அத்தான் முன்னால் சொன்னேன். வராது என்ற தைரியத்தில்தான் சொன்னேன்.

மறுநாள் மார்க்கெட்டில் கோஸ் வாங்கினோம். அங்கே நீளமாக, இலை இலையாகப் பிரியும் கோஸ்; இங்கே கிடைத்தது கல்லுபோல் உருண்டை. முள்ளங்கியும் வெங்காயத்தாளும் பூண்டும் கிடைத்தன. நான் இரண்டு வருடம் அறுத்தவனே தவிர, கலக்கியவன் இல்லை. கலக்குவது சோயின் வேலை. அவர் முதுகைப் பார்த்ததை வைத்துத்தான் அக்காவுக்குச் சொன்னேன். உப்பில் போடணும், பிறகு மிளகாய் தடவணும், பிறகு விட்டுவிடணும்.

"ஊறுகாய்தான. இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றாள் அக்கா.

நான் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள், உப்பில் போட்ட கோஸை மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் காயப்போட்டிருந்தாள். காகம் வராமலிருக்க ஒரு கருப்புத் துணிகூடக் கட்டியிருந்தாள். சாயங்காலம் சுருங்கிக் கிடந்ததை எடுத்து, சோயின் மிளகாய்த்தூளில் பாதியைப் போட்டு, நல்லெண்ணெய் காயவைத்துக் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினாள். அத்தான் தயிர்ச்சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நாளில் ஜாடியைக் காலிசெய்தார். "கொரியாக்காரன் கெட்டிக்காரன்தான் மாப்ள" என்றார். 

இரண்டாவது தடவை வெயில் வேண்டாம், எண்ணெய் வேண்டாம் என்று கண்டித்துச் சொன்னேன். கருவாட்டு வாடை வேண்டும் என்றும் சொன்னேன். அங்கே பொடி இறாலை உப்பில் ஊறவைத்துச் சேர்ப்பார்கள். அதில்தான் சிக்கல் வந்தது. வடலூர் சபைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அத்தான் சைவம். அந்த வீட்டுக்குள் முட்டைகூட வருவதில்லை. கடற்கரையில் பிறந்த அக்கா பல வருடமாக மீன் வாடை இல்லாமல் இருந்தாள்.

கீரை விற்க வளையமாதேவிப் பக்கமிருந்து அஞ்சலை என்ற பெண் தினமும் வருவாள். கூடையின் அடியில் கருவாடும், சென்னாக்கூனி என்கிற காய்ந்த பொடி இறாலும் இருக்கும். அக்கா பின்வாசலில் நின்று அவளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"சென்னாக்கூனி இருக்கா?"

அஞ்சலை கூடையை இறக்காமல் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாம்மா, அய்யாவுக்குச் சொல்லிகினு தான் கேக்குறியா? கூனி நாத்தம் கோடி வூடு வரிக்கும் போவுமே."

"வீட்டுக்குள்ள போகாது. தோட்டத்தோட சரி."

"எதுல போடப்போற?"

"கோஸ்ல."

அஞ்சலை கூடையை இறக்கி வைத்து இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். "கூனியப் போயி கோசுல போடுவாங்களா? கத்திரிக்காயில போட்டாலும் ஞாயம் கீது. தம்பி, நீ அசலூருல இன்னாத்த தான் தின்னுகினு இருந்த?" காசு வாங்கிக்கொண்டு போகும்போதும் வாசல் வரை சிரித்துக்கொண்டே போனாள்.

அத்தானிடம் அக்கா மறைக்கவில்லை. அவர் கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வாசப்படி தாண்டி உள்ள வரப்படாது" என்றார். அவ்வளவுதான். அதன்பின் தோட்டத்துக் குழாயடியில் முருங்கை மரத்துக்குக் கீழே எங்கள் சமையல்கூடம் நடந்தது. இரவில் மழை வந்தால் ஜாடிக்குச் சாக்கு, பகலில் வெயில் வந்தால் சாக்குக்குத் தண்ணீர்.

அதுவும் வரவில்லை. நான்காம் நாள் திறந்து பார்த்தால் கோஸ் நார்போல் வறண்டு, மேலே வெள்ளைப் பூசணம். எனக்குப் புரியவே இல்லை. எவ்வளவு உப்புப் போட்டோமோ அவ்வளவு நீர் விட்டிருக்க வேண்டும். அந்த நீர் எங்கே?

"தினம் காலையில வடிச்சுக் கொட்டுனேன்" என்றாள் அக்கா. "ஊறுகாயில தண்ணி நின்னா கெட்டுரும்லா?"

நான் தலையில் கை வைத்துக் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சோய் பீப்பாயைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தச் சிவந்த நீர்தான். அதைக் கரண்டியில் மொண்டு குடிப்பார். ஈரக் கை படாமல், சொட்டுத் தண்ணீர் சேராமல் ஊறுகாய் போடக் கற்றவள் அக்கா. அவளிடம் போய், நீரை விடு, வெறுங்கையை விட்டுப் பிசை, கஞ்சி ஊற்று, பிறகு அது நுரைக்கட்டும் என்று சொன்னால் பாவம் எப்படி ஏற்பாள்? கேட்டுவிட்டு, "நம்ம அம்மா பாத்திருந்தா என் கையை ஒடிச்சிருப்பா" என்றாள். ஆனால் சேலையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

சோயின் தூள் தீர்ந்திருந்தது. இந்த ஊர் மிளகாயை அப்படியே போட்டால் நாக்கு வெந்துவிடும். அக்கா நீள மிளகாயாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொன்றாகக் கீறி விதையை உதறி, தோலை மட்டும் உரலில் ஒன்றிரண்டாக இடித்தாள். நிறம் அதேதான். அரிசி மாவில் கூழ் காய்ச்சி, பூண்டும் இஞ்சியும் தட்டி, கொஞ்சம் வெல்லம் கிள்ளிப் போட்டு, சென்னாக்கூனியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிச் சேர்த்தாள். இரண்டு கையும் முழங்கை வரை சிவந்திருக்க, இலை இலையாகத் தடவினாள். அன்று இரவு முழுக்கக் கை எரிகிறது என்று மோருக்குள் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். ஜாடியைக் குழாயடி ஈரமணலில் கழுத்து வரை புதைத்தோம்.

வெயில் காலம். இரண்டாம் நாளே ஜாடி முனகத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அத்தான் செகண்ட் ஷிப்டு போன பிறகு திறந்தோம். மூடி புஸ்ஸென்று எழும்பியது.

"போச்சு. நுரைச்சிட்டு" என்றாள் அக்கா.

நான் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டேன்.

புளிப்பு மேலண்ணத்தில் பட்டது, பிறகு காரம், பிறகு அந்தக் கடல் வாடை. கடைசியாக, என்ன என்று பெயர் சொல்ல முடியாத அந்தச் சில்லிப்பு. தகரக் கொட்டகையில் மின்விசிறி சுற்றும் சத்தமும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் வெல்டர் கிம் தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளும் சத்தமும் கேட்டன. 

"வந்துட்டா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் மறுநாள் காலை நான் மெட்ராஸில். அக்காவின் கையைப் பார்த்தேன். விரல் நுனி இன்னும் சிவந்திருந்தது.

"வந்துட்டுக்கா."

அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய், வடிக்காமல் குழைய வைத்த சோற்றை ஒரு பெரிய கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்தாள். தோட்டத்தில் மணலிலேயே உட்கார்ந்தாள். கிண்ணத்தை நடுவில் வைத்தாள். அந்த வீட்டில் யாருடைய தட்டிலும் கை வைக்காதவள், என் கை இருந்த கிண்ணத்திலேயே கையை விட்டு, ஒரு கவளம் சோறும் ஒரு இலைக் கிம்ச்சியும் சேர்த்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு கவளம் எடுத்தாள்.

"உனக்குக் காய்ச்சல் வந்தப்ப கொடுத்தது இதுதானா?"

"இதேதான்."

"அந்தச் சோய்க்குப் பிள்ளைங்க உண்டா?"

உண்டு, இரண்டு பெண்கள், படம் காட்டியிருக்கிறார் என்றேன். கிம் யார் என்று கேட்டாள். யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டாள். மணலில் கோடு போட்டு மேசையைக் காட்டினேன். வெயில் இறங்கும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். கிண்ணம் காலியானது யாருக்கும் தெரியவில்லை. அக்கா யாரோடும் இத்தனை நேரம் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை.

கை கழுவும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "நீ நாளைக்கு மெட்ராஸுக்கே போ."

"இருக்கேன்னு சொன்னேன்லா?"

"நீ எங்கயோ காட்டுல கிடந்து, கண்டதைத் தின்னு சாகுதன்னு நெனச்சுத்தான் பிடிச்சு வைக்கப் பாத்தேன். இத இப்படிக் கை எரியப் பெசஞ்சு ஒருத்தன் உனக்குப் போட்டிருக்கான்லா. இனிமே எனக்குப் பயம் இல்ல." குழாயை மூடினாள். "அதுக்கு மேல உன்ன இங்க வச்சுக்கிட்டு, நீ தெனம் அவங்க கதையச் சொல்ல கேட்டுக்கிட்டுக் கிடக்க என்னால முடியாது."

அத்தான் ஷிப்டு முடிந்து வந்ததும் விஷயம் தெரிந்தது. சட்டையைக் கழற்றாமல் நின்றார். "காண்ட்ராக்டர் கேட்டா நான் என்ன சொல்ல?"

"அவனுக்குப் பசிச்சுன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

விடியுமுன் முதல் பஸ். அத்தான் சைக்கிளில் என்னை வைத்து மிதித்துக்கொண்டு வந்து ஏற்றிவிட்டார். அக்கா வாசலோடு நின்றுகொண்டாள். மிச்சமிருந்ததை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, துணி சுற்றி, பைக்குள் நிமிர்த்தி வைத்திருந்தாள். வழியில் சாப்பிட என்றாள். பஸ் குலுங்கியதில் அது கசிந்தது. திண்டிவனம் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். கண்டக்டர் என்னிடம், "சார், எதுனா செத்த எலிய வச்சிகினு கீறீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

ஏஜென்ட் ஆபீஸ் மாடிப்படி முழுக்கக் கூட்டம். வாசலில் நின்ற ஆள் என் பழைய சர்வீஸைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "கிச்சன் ஹெல்ப்பர் எல்லாம் ஃபுல்லு. மேசன், கார்ப்பென்டர், குக். குக்னா அந்த லைன்."

அந்த வரிசையிலேயே போய் நின்றேன். அங்கே நின்றவர்கள் கையில் பெரிய ஓட்டல்களின் சர்ட்டிபிகேட் இருந்தது. என் கையில் பை இருந்தது. எனக்கு முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். என் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்த கொரியாக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கைத் தூக்கி முகர்ந்தார். வயதானவர். பையைக் காட்டி ஏதோ கேட்டார்.

"அதுல என்னன்னு கேக்கறார்" என்றார் பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டே.

எடுத்து வைத்தேன். பெரியவர் மூடியைத் திருகி, விரலை விட்டு ஒரு துண்டை எடுத்துத் தின்றார். இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு பாட்டிலைச் சாய்த்து அந்தச் சிவந்த நீரை ஒரு வாய் குடித்தார். எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ, "அய்யோ" என்றார்.

"இது நீ செஞ்சதான்னு கேக்கறார்."

"எங்க அக்கா செஞ்சது. கூட இருந்தேன்."

"தனியா செய்வியாங்கறார்."

"செய்வேன்."

பெரியவர் கைவிரலைத் துடைத்துக்கொண்டு என் பாஸ்போர்ட்டை எடுத்து, அதன்மேல் வைத்திருந்த சீட்டில் குக் என்று எழுதச் சொன்னார். பாட்டிலைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார். எழுதி முடித்த பிறகு என்னவோ தோன்றி மறுபடி கேட்டார்.

"இதை எங்க கத்துக்கிட்டேன்னு கேக்கறார்."

கேம்பின் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நெய்வேலி" என்றேன்.